“புரியலையே ஸார்!”

ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியில் பெங்களூரு பஸ் ஏறுகிற நம் இளைஞர்களுக்கு லால்பாக் தெரியும். பிரிகேட் ரோடு ரொம்ப நன்றாகவே தெரியும்! ‘நேஷனல் கேலரி ஆஃப் மாடர்ன் ஆர்ட்’ என்றால் மட்டும், “அதெல்லாம் நமக்குப் புரியாது ஸார்...” என்று நழுவுகிறார்கள்.

டெல்லியில் 1954-ல் திறந்த மத்திய அரசுக் கூடம் இது. மும்பைக்கு 1996-ல் வந்தது. பெங்களூரு அரண்மனை சாலைக்கு வந்தது 2009-ல். இடம், மாணிக்கவேலு மாளிகை. பெயரிலேயே நம்ம ஊர் வாடை அடிக்கிறதா? சுரங்கத் தொழிலில் சம்பாதித்த மாணிக்கவேலு முதலியார் குடியிருந்த பங்களா! சுற்றிலும் பெரிய பெரிய மரங்கள். வெயிலுக்கு அந்த நிழலே போதும்.

இந்தக் கூடத்தின் சேகரிப்பில் ரவிவர்மா இருக்கிறார். அவரோடு பிரச்னை இல்லை. புடவைச் சரிகையைப் பார்த்து ‘ஆஹா’ போட்டுவிடலாம். அடுத்து தாகூர். அறுபதைத் தாண்டிய பிறகு மும்முரமாக வரைய வந்த மனிதர். கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய கிறுக்கல்களே அவர் கையில் பறவையாகவும் பூதமாகவும் மாறின. கே.சி.எஸ். பணிக்கர் கோயமுத்தூரில் பிறந்தவர், 1966-ல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். அவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்கள் பார்க்க அசல் ஜாதகக் கட்டம் மாதிரியே இருக்கும். “இதை எங்க வீட்டு வாண்டு வரைவானே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வருவது இங்கேதான்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைத் தர்மபுரி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரை மீட்கப் போய்ச் செத்த வீரன். மார்பு நம்மைப் பார்த்திருக்கும், கால்கள் பக்கவாட்டில் நடக்கும். உடம்பில் அம்பு தைத்திருக்கும், கை மட்டும் வில்லை விடாது. மாடுகளோ அவன் முழங்கால் உயரம்கூட இராது! அளவு தப்பு, உடற்கூறு தப்பு என்று யாராவது சொல்கிறோமா? செதுக்கியவனுக்கு அவன் வீரம் பெரிது, மாடு சிறிது. அவ்வளவுதான் கணக்கு. பாரிஸில் பிகாஸோ 1907-ல் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்து அசந்து போனதும் இந்தக் கணக்கில்தான். நமக்கு இது வயல் வரப்பிலேயே நிற்கிறது. பல ஊரில் பொங்கலும் வைக்கிறோம்.

ஆகவே பெங்களூரில் பயம் வேண்டாம். படத்துக்குப் பக்கத்திலுள்ள சீட்டை முதலில் படிக்காதீர்கள். எது பெரிசு, எது சிறிசு, கண் எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு படத்துக்கு ஐந்து நிமிஷம். பிடிக்காவிட்டால் அடுத்த படத்துக்கு நடையைக் கட்டலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரே எச்சரிக்கை: ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை கிளம்பிவிடாதீர்கள். அன்றைக்கு அவர்களுக்கும் லீவு!