உங்களுக்குத் தெரியுமா? புதுக் கல்லீரலும் புதுச் சர்க்கரையும்

கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பின் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தால், பழி முதலில் உடல் புது உறுப்பை நிராகரிக்காமலிருக்கத் தரப்படும் ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ் மருந்துகள்மேல் விழுகிறது. நியாயம்தான், ஸ்டீராய்டு இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது, டாக்ரோலிமஸ் அதன் சுரப்பைக் குறைக்கிறது. ஆனால் மருந்து மட்டுமே காரணமென்றால், அதே மருந்துகளை உட்கொள்ளும் மற்றவர்களைவிட ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களுக்கு ஏன் கூடுதலாக வருகிறது? ஒழிக்கப்படாத அந்த வைரஸ் புதுக் கல்லீரலையும் ஏறக்குறையத் தவறாமல் தொற்றிக்கொள்கிறது; அதன் புரதம் செல்லுக்குள் இன்சுலினின் சமிக்ஞையைக் குலைக்கிறது. எடையும் வயதும் காரணமாகலாமே என்பீர்கள். ஆகலாம், ஆனால் அவை வைரஸோடு சேர்ந்துகொள்பவை. 2013இல் சோஃபோஸ்புவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து வந்தபின், சிகிச்சை பெறும் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் இந்த வைரஸ் ஒழிகிறது. ஒழிந்தபின் பலருக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடும் மேம்படுகிறது. எல்லோருக்கும் அல்ல, ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் அப்போதும் தொடரக்கூடும்.