கழிச்சல் கண்ட கன்றுக்கு முதல் மருந்து உப்புநீர்

பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள் கன்றுகள் இறந்துபோவதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று கழிச்சல். இதை உண்டாக்கும் கிருமிகள் பல வகை. ஆனால் கன்றைச் சாகடிப்பது பெரும்பாலும் கழிச்சலோடு வெளியேறும் நீரும் உப்புகளுமே. தண்ணீர் காட்டினால் கழிச்சல் கூடிவிடும் என்று பாலையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டு மாத்திரைக்கு அலையும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் உள்ளது. கன்றை வேகமாகச் சாவுக்குத் தள்ளும் வழக்கம் இது.

இளங்கன்றின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். 25 கிலோ எடையுள்ள கன்று ஒன்றேகால் லிட்டர் நீரை இழந்தாலும் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு லிட்டர் போனால் கண் குழிவிழத் தொடங்கும். மூன்று லிட்டர் போனால் எழுந்து நிற்காது. அதற்கு மேலும் போனால் பிழைப்பது அரிது. இழப்பை அறிய, கழுத்துத் தோலை இரு விரல்களால் கிள்ளித் தூக்கி விட்டுப் பார்க்கலாம். நலமான கன்றின் தோல் உடனே படிந்துவிடும். இரண்டு வினாடிக்கு மேல் கூடாரம்போல் நின்றால் நீர் குறைந்துவிட்டது என்று பொருள்.

வெறும் தண்ணீர் இந்தக் குறையைத் தீர்க்காது. கழிச்சலோடு சோடியமும், இரத்தத்தின் புளிப்பைத் தணிக்கும் சோடா உப்பும் போய்விடுகின்றன. கன்று சோர்ந்து, மடியை நாடாமல் கிடப்பதற்கு இரத்தம் புளித்துப்போவதும் ஒரு காரணம். குடலின் சுவர் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும். அவற்றின் பின்னால் நீரும் செல்லும். கழிச்சல் கண்ட குடலிலும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. 1971-ல் வங்காள எல்லையில் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்து ஏராளமான உயிர்களைக் காத்தார். கன்றுக்கும் அதே முறைதான்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. குழந்தைக்குக் கொடுப்பதுபோல் சீனியும் உப்பும் கரைத்த நீர் கன்றுக்கு உதவாது. சீனியைச் செரிக்கும் நொதி கன்றின் குடலில் இல்லை. வெல்லமும் கருப்பட்டியும் அப்படியே. செரிக்காத இனிப்பு குடலில் தங்கி நீரை இழுத்துக் கழிச்சலைக் கூட்டும். அரிசிக் கஞ்சியும் பச்சிளங்கன்றுக்குச் சரியாகச் செரிக்காது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும்.

நான்கு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்குக் குளுக்கோஸ் 80 கிராம், சாப்பாட்டு உப்பு 14 கிராம், சமையல் சோடா 10 கிராம், பொட்டாசியம் குளோரைடு 6 கிராம் சேர்க்க வேண்டும். கைக்கணக்கு வேண்டாம், உப்பு கூடினால் அதுவே ஆபத்து. பொட்டாசியம் குளோரைடை மருந்துக் கடையில் வாங்க வேண்டுமே தவிர, உரமூட்டையிலிருக்கும் பொட்டாஷை எடுத்துப் போடலாகாது. கால்நடைக்கென விற்கும் உப்புநீர்ப் பொட்டலம் கிடைத்தால் இன்னும் நல்லது.

25 கிலோ கன்றுக்கு, இழந்த இரண்டு லிட்டரும் அன்றாடத் தேவைக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டருமாக, முதல் நாளில் நான்கு லிட்டர். இதை நான்கு வேளையாகப் பிரித்து வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். கழிச்சல் நிற்காவிட்டால் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். பாலை நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை ஊட்டலாம். ஆனால் பாலில் உப்புநீரைக் கலந்தால் வயிற்றில் பால் சரியாகத் திரையாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும்.

வாய்க்குள் விரல் விட்டால் கன்று சப்ப வேண்டும். சப்பாத கன்றுக்கு, வாய் சில்லிட்டுப் படுத்துவிட்ட கன்றுக்குப் புட்டியால் ஊற்றினால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். அந்த நிலையில் குடலும் சரிவர உறிஞ்சாது. அப்போது கழுத்து நரம்பில் திரவம் ஏற்றுவது ஒன்றே வழி. கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

"ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுங்கள்" என்று மருத்துவரிடம் கேட்பவர் பலர். கணக்குப் பார்த்தால் இது போதாது. பத்தில் ஒரு பங்கு எடையை இழந்த 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் வேண்டும். அதாவது அரை லிட்டர் பாட்டில் ஐந்து. குளுக்கோஸ் நீர் மட்டும் ஏற்றினால், உடல் குளுக்கோஸை எரித்துவிட, மிஞ்சுவது வெறும் நீர். அது இரத்தக் குழாயில் தங்காது. லிட்டருக்கு 9 கிராம் உப்புள்ள சலைன், ரிங்கர் லாக்டேட், தேவைப்பட்டால் சோடா உப்புக் கரைசல் ஆகியவற்றில் எது, எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். வேகம் கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும் என்பதால் வீட்டிலேயே ஏற்றிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

கன்று எழுந்து சப்பத் தொடங்கியதும் வாய்வழி உப்புநீரைத் தொடர வேண்டும். சிறுநீர் வழக்கம்போல் போனால் நீர் போதுமென்று கொள்ளலாம். சாணம் கெட்டியாகும்வரை உப்புநீர் நீடிக்கட்டும். நோயுற்ற கன்றைத் தனியே கட்டி, நல்ல கன்றுகளுக்கு ஊட்டி முடித்தபிறகே அதற்கு ஊட்டுவது நல்லது.