கிரகணத்துக்கும் உண்டு ஷிப்டு கணக்கு!

1980-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந்தேதி, சனிக்கிழமை. அன்று பிற்பகல் கர்நாடகத்தின் கார்வார் பக்கம் தொடங்கி, ராய்ச்சூர் வழியாக ஒடிசாவின் கொனாரக் வரை, ஒரு குறுகிய பட்டையில் சூரியன் முழுவதுமாக மறைந்தது. மும்பையிலும் சென்னையிலும் பகுதிக் கிரகணம்தான். ஆனாலும் பல நகரங்களில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. ஜன்னலைக்கூட அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவர்கள் ஏராளம்.

அதே வம்சத்தைச் சேர்ந்த கிரகணம் 2034-ம் ஆண்டு மார்ச் 20-ந்தேதி மறுபடியும் இந்தியாவுக்கு வருகிறது. இவ்வளவு முன்கூட்டியே நாள் குறிப்பது எப்படி?

மாதம் ஒன்று வராதது ஏன்?

அமாவாசையன்று சந்திரன் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே வருகிறது. அப்படியானால் மாதந்தோறும் சூரிய கிரகணம் வர வேண்டுமே! வருவதில்லை. சந்திரன் செல்லும் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான அமாவாசைகளில் அதன் நிழல் பூமிக்கு மேலாகவோ கீழாகவோ போய்விடுகிறது.

சந்திரன் பாதையும் சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. இந்த இரண்டு புள்ளிகளைத்தான் பஞ்சாங்கம் ராகு, கேது என்கிறது. அவற்றின் அருகே அமாவாசை நேர்ந்தால்தான் சூரிய கிரகணம்.

18 ஆண்டு, 11 நாள், 8 மணி

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரி 29.53059 நாள். ராகுவைக் கடந்த சந்திரன் மீண்டும் ராகுவுக்கு வர 27.21222 நாள். கணக்குப் புத்தகத்தோடு பழகியவர்கள் பெருக்கிப் பார்க்கலாம். 223 அமாவாசைகளுக்கு 6585.32 நாள். 242 முறை ராகுவைக் கடக்க 6585.36 நாள். வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை!

ஆகவே 18 ஆண்டு, சுமார் 11 நாள், 8 மணி கழிந்ததும் ஏறக்குறைய முன்போலவே கிரகணம் நேர்கிறது. இதற்கு ‘சாரோஸ்’ சுற்று என்று பெயர். பழைய பாபிலோனியர்கள் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இதை அறிந்திருந்தார்கள்.

அந்த 8 மணிதான் சுவாரசியமானது. அது ஆலைத் தொழிலாளியின் ஒரு ஷிப்டு. அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால், அடுத்த கிரகணம் அதே ஊருக்கு வராமல் மேற்கே தள்ளிப் போகிறது.

ஒரு குடும்பத்தைப் பாருங்கள். 1991 ஜூலை 11-ல் ஹவாய், மெக்சிகோவில் முழுக் கிரகணம் நேர்ந்தபோது நமக்கு நள்ளிரவு, இரவு ஷிப்டு. 2009 ஜூலை 22-ல் சூரத், வாரணாசி, பாட்னா வழியாக வந்தது. நமக்குக் காலை ஷிப்டு. 2027 ஆகஸ்ட் 2-ல் தெற்கு ஸ்பெயினிலும் எகிப்திலும் முழுக் கிரகணம். நமக்கு இரண்டாவது ஷிப்டு, மாலைப் பகுதிக் கிரகணம்.

மூன்று ஷிப்டு முடிந்தால் பழைய ஷிப்டுதானே? அதுபோல மூன்று சுற்றுக்குப் பின், அதாவது 54 ஆண்டும் ஒரு மாதமும் கழித்து, கிரகணம் பழைய பக்கத்துக்கே திரும்புகிறது. 1980-ல் கார்வாருக்கு வந்தது 1998-ல் கரீபியன் கடல் பக்கமும், 2016-ல் இந்தோனேசியாவுக்கும் போயிற்று. 2034-ல் திரும்பும்போது சற்று வடக்கே நகர்ந்து, கார்கில் பக்கம் முழுமையாகத் தெரியும்.

சோழி வைத்துப் போட்ட கணக்கு

இந்தக் கலையில் தமிழர்களுக்கும் பங்குண்டு. 1825-ல் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிஷம், நடு நேரத்தில் 23, முடிவில் 52. காகிதத்தில் ஒரு வரிகூட எழுதாமல் போட்ட கணக்கு இது!

எதற்குப் பயப்பட வேண்டும்?

இவ்வளவு ஒழுங்காக வந்து போகும் நிழல் சோற்றை விஷமாக்காது. வயிற்றுப் பிள்ளைக்கும் கேடு செய்யாது. கருவுற்ற பெண்ணைப் பல மணி நேரம் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அறைக்குள் அடைத்து வைப்பதுதான் கேடு. சர்க்கரை நோயாளிகள் கிரகணத்துக்காக மருந்தையும் சாப்பாட்டையும் தள்ளிப்போடுவதும் ஆபத்து.

பயப்பட வேண்டியது கண்ணுக்குத்தான். பகுதிக் கிரகணத்தில் எஞ்சிய பிறையும் விழித்திரையைச் சுட்டுவிடும். வலியே தெரியாது, பார்வை போன பிறகுதான் தெரியும். எக்ஸ்ரே பிலிம், கரி பிடித்த கண்ணாடி, வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி எதுவும் உதவாது. இதற்கென்றே தயாரித்த தரமான கிரகணக் கண்ணாடி, அல்லது 14-ம் எண் வெல்டிங் கண்ணாடி வேண்டும்.

காசில்லாத வழியும் உண்டு. ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். தாளில் குட்டிச் சூரியன் கடிபட்ட அப்பம்போலத் தெரியும்.

2027 ஆகஸ்ட் 2 திங்கட்கிழமை. மழைக்காலம்தான், மேகம் விலகினால், காலை ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று காட்டலாம்.