குணமா, நோயா? ஒருவரின் நடத்தைக்குக் காரணம் கற்பிக்கும் முன்

பெரிய முதலியார்சாவடிக்கு வடக்கே, மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் நண்பகல் வெயிலில் தள்ளாடுகிறார், வாய் குழறுகிறது, கேட்டால் எரிந்து விழுகிறார். "குடித்திருக்கிறார், தூங்கினால் தெளிந்துவிடும்" என்று எண்ணி அவரை அப்படியே விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். வெப்பப் பக்கவாதத்திலும், இரத்தச் சர்க்கரை மிகவும் குறையும்போதும் இதே அறிகுறிகள் தோன்றும்.

நாம் ஏன் தவறாகக் கணிக்கிறோம்?

நாம் மாத்திரை உட்கொள்ள மறந்தால் வேலைப்பளுவைக் காரணமாகச் சொல்கிறோம். பிறர் மறந்தால் பொறுப்பற்றவர் என்கிறோம். பிறரது செயலுக்குச் சூழ்நிலையை விடக் குணத்தையே காரணமாகக் கருதும் இப்போக்கிற்கு, 1977-ஆம் ஆண்டு உளவியலாளர் லீ ராஸ் 'அடிப்படைக் காரணங்கற்பித்தல் பிழை' என்று பெயரிட்டார். பிறரது செயல் நம் கண்ணில் படுகிறது. அவரது உடல்நிலையும் சுமையும் படுவதில்லை.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

• நிழலுக்குக் கொண்டு சென்று ஆடையைத் தளர்த்துங்கள். உடல் கொதித்தால் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்; கழுத்து, அக்குள் பகுதிகளில் ஈரத்துணி வையுங்கள்.
• அவர் நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவரா என்று கேளுங்கள். கருவி இருந்தால் சர்க்கரையைச் சோதியுங்கள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தாலோ, சோதிக்க வழியில்லை என்றாலோ, விழுங்கும் நிலையில் உள்ளவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.
• நினைவு இழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள்.
• தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மது வாடை வீசுவதால் மட்டும் வேறு காரணம் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. வெறும் வயிற்றில் அருந்தும் மதுவும் சர்க்கரையைக் குறைக்கும்.

மனநலப் பாதிப்பில்

மனச்சிதைவு நோய் உள்ளவர் குளிக்காமல், பேசாமல், வேலைக்குச் செல்லாமல் இருப்பது சோம்பலோ திமிரோ அன்று. பெரும்பாலும் அது நோயின் அறிகுறியே. குடும்பத்தினர் இடைவிடாது குறை கூறும்போது நோய் மீண்டும் தீவிரமடையும் வாய்ப்பு அதிகரிக்கிறது.

பேய், செய்வினை என்று காரணம் கற்பிப்பது சிகிச்சையைத் தாமதப்படுத்தும். குணமடையும் நம்பிக்கையில் ஏர்வாடிக்கு அழைத்து வரப்பட்டு, அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்களால், 2001 ஆகஸ்டு 6 அன்று தீப்பிடித்தபோது தப்ப இயலவில்லை. அவ்விபத்தில் 28 பேர் உயிரிழந்தனர். மனநலப் பாதிப்பு உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

முடிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

1. இந்த நடத்தை புதியதா? எப்போது தொடங்கியது?
2. அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, வெயிலில் இருந்தாரா?
3. மருந்து மாறியதா, நின்றதா? நின்றிருந்தால் பக்கவிளைவா, பயணச் செலவா, கூலி இழப்பா காரணம்?
4. அவரே என்ன சொல்கிறார்?

இக்கேள்விகளுக்கான விடைகளுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வாருங்கள். "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்பதை விட, "நான்கு நாட்களாக மாத்திரை எடுக்கவில்லை, எடுத்தால் தலைசுற்றுகிறது என்கிறார்" என்ற தகவலே மருத்துவருக்குப் பயன்படும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லா டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

காரணம் நோய் என்று தெரிந்தபின், கடிந்து பேசியதற்காக உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். தொடர்ந்து பராமரிப்பவரின் களைப்பிலும் கடுஞ்சொல் பிறக்கும். உங்களுக்கும் ஓய்வும் உதவியும் தேவை.