வழங்கிக்கான கட்டற்ற இயக்குதளத் தெரிவு

வழங்கி (சர்வர்) என்பது வலையமைப்பில் உள்ள பிற கணினிகளுக்குக் கோப்பு, இணையப்பக்கம், மின்னஞ்சல், தரவுத்தளம் முதலிய சேவைகளை அளிக்கும் கணினி ஆகும். இதற்குப் பெரும்பாலும் யுனிக்ஸை ஒத்த கட்டற்ற இயக்குதளங்களே பயன்படுகின்றன. இவற்றுள் லினக்ஸ் கருனியைக் கொண்டவை ஒரு குடும்பம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான பி.எஸ்.டி. வழிவந்தவை மற்றொரு குடும்பம்.

ஆதரவுக் காலம்

தெரிவின்போது முதலில் நோக்கத்தக்கது பாதுகாப்பு இற்றைகள் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதாகும். 2029 வரை ஆதரவு எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8, 2021 டிசம்பர் 31 அன்றே நிறுத்தப்பட்டது. அதை நம்பியிருந்தோர் அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் போன்றவற்றுக்கு மாற நேர்ந்தது. தன்னார்வலர்கள் நடத்தும் டெபியனின் ஒவ்வொரு நிலைப் பதிப்புக்கும் நீள்கால ஆதரவையும் சேர்த்து ஏறத்தாழ 5 ஆண்டுகள் இற்றைகள் கிடைக்கின்றன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் உபுண்டு நீள்கால ஆதரவுப் பதிப்புக்கும் 5 ஆண்டுகள் உண்டு.

பி.எஸ்.டி. வகைகள்

பி.எஸ்.டி.யில் கருனியையும் அடிப்படைக் கருவிகளையும் ஒரே குழு உருவாக்குகிறது. ஓப்பன்பிஎஸ்டி பாதுகாப்புக்கு முதலிடம் தருகிறது. தொலைவிலிருந்து வழங்கியை இயக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் அதன் படைப்பே. ஃப்ரீபிஎஸ்டியில் உள்ள இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, சேமித்த தரவு சிதைந்தால் சரிகூட்டல் மூலம் அதைக் கண்டறியும். எனினும் வன்பொருள் இயக்கிகளும் பயிற்சி பெற்றோரும் லினக்ஸுக்கே மிகுதி.

பாஸ்

டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் இயக்குதளம் 2007இல் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் இதற்கு வழங்கிப் பதிப்பும் உண்டு. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலும் பாஸ் இடம்பெற்றது. அதில் பழகியவருக்கு டெபியன் வழங்கியின் கட்டளைகள் புதியனவல்ல.

டெல்டா பகுதியில் கவனிக்க வேண்டியவை

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இத்தகைய இடங்களில் திடீர் மின்தடையைத் தாங்குவது முக்கியமாகும். எக்ஸ்ட்4 போன்ற குறிப்பேட்டு வகைக் கோப்பு முறைமை, தடைக்குப் பின் விரைவில் சீர்நிலைக்கு மீளும். யுபிஎஸ் மின்கலம் தீரும் முன் வழங்கியை முறையாக நிறுத்தும் கட்டற்ற மென்பொருள்கள் இரு குடும்பங்களுக்கும் உள்ளன. எந்த இயக்குதளமாயினும் வேறொரு ஊரில் ஒரு காப்புநகல் வைத்து, அதிலிருந்து தரவை மீட்க முடிகிறதா என அவ்வப்போது சோதிப்பது இன்றியமையாதது.