பழைய மர மச்சு: பெயர்ப்பதா, பேணுவதா?

நெசவாளர் தெருக்களிலும் கிராமத்துப் பெருவீதிகளிலும் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் கட்டப்பெற்ற மாடி வீடுகள் சிலவற்றில், மேல்தளம் கான்கிரீட்டால் ஆனதன்று; உத்தரங்களின்மேல் குறுக்குக் கட்டைகளைக் கிடத்தி, அவற்றின்மேல் பலகைகளைப் பரப்பி ஆணியடித்த மர மச்சேயாகும். கீழே தறி, மேலே நூலும் நெல்லும் படுக்கையும். இத்தகைய வீட்டைப் பெற்றிருப்போர் பலர், அதைப் புதுப்பிக்க எண்ணியவுடனே பலகையை விற்றுவிட்டுக் கடன் வாங்கியாவது கான்கிரீட் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்கின்றனர். வேறு சிலர், செலவைக் குறைப்பதாக எண்ணிப் பலகையின்மேலேயே சாந்தைப் பரப்பித் தரை ஓடு பதித்துவிடுகின்றனர். முதலாவது பல சமயங்களில் அநாவசியம், இரண்டாவதோ அபாயம்.

அபாயத்தை முதலில் கவனிப்போம். 10 அடிக்கு 10 அடி உள்ள ஓர் அறையில், ஓர் அங்குலக் கனமுள்ள தேக்குப் பலகையின் எடை ஏறத்தாழ 150 கிலோ. அதன்மேல் சாந்தும் ஓடுமாக இரண்டு அங்குலம் ஏற்றினால் கூடுகின்ற பாரம் ஏறத்தாழ ஒரு டன். நெல் மூட்டையை இன்று ஏற்றி நாளை இறக்கலாம். இந்தப் பாரமோ இரவும் பகலும் கட்டைகளின்மீது அமர்ந்திருப்பது. நீண்ட காலச் சுமையின்கீழ் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போவது மரத்தின் இயல்பு. ஓடு கழுவும் தண்ணீரும் வெடிப்புகளின் வழியே இறங்கிப் பலகையில் தங்கும். மேலே மூடியிருப்பதால் அது உலர வழியில்லை. அந்த மச்சுக்கு நேர் கீழே தறிக்குழியில் ஒருவர் அமர்ந்து நெய்துகொண்டிருக்கிறார்.

கான்கிரீட் விஷயமும் எளிதன்று. அதே அறைக்கு ஐந்து அங்குலத் தளம் போட்டால் அதன் எடை ஏறத்தாழ 3 டன். மண் சாந்தால் கட்டிய பழைய சுவர் அதைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் தொடங்கலாகாது. மேலும், கழற்றி விற்கும் பலகை பெரும்பாலும் பர்மாத் தேக்கோ, நன்கு முற்றிய நாட்டு மரமோ ஆகும். மரக்கடைக்காரர் அவ்வளவு ஆவலுடன் வாசலில் வந்து நிற்பதே அதன் தரத்துக்குச் சான்று அல்லவா?

மச்சின்மீது நம் வீட்டார் கூறும் குறைகள் மூன்று: இடுக்கு வழியே பாவின்மீது தூசி விழுகிறது, நடந்தால் கிறீச்சிடுகிறது, வீடு இருண்டு கிடக்கிறது. இவை மூன்றும் சிறு செலவில் தீருபவை. ஆனால் இவற்றைத் தீர்க்கப் புகுமுன், மரம் உள்ளே நலமாயிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பார்க்கும் முறை கடினமானதன்று. கட்டைகள் சுவருக்குள் நுழையும் இடங்களையே முதலில் சோதிக்க வேண்டும். மழை நீர் சுவரில் ஊறினால் முதலில் இற்றுப்போவது அந்த நுனிதான். கூரிய குத்தூசியால் குத்தினால் நல்ல மரம் எதிர்க்கும். இற்ற மரத்தில் ஊசி தடையின்றி இறங்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்குமாயின் மக்கச் செய்யும் பூஞ்சை வளர்வதில்லை. ஆகவே கூரையில் ஒழுகும் ஓட்டை மாற்றுவதே மச்சுப் பழுதின் முதல் வேலை. வேறெதற்கும் பணமில்லாவிடினும் இதைச் செய்துவிட வேண்டும். சுவரோரம் மண் தடம் ஏறியிருந்தால் கறையான். மரத்தில் சிறு வட்டத் துளைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் அது உளுக்கச் செய்யும் வண்டு. துளைகள் பழையனவா, வண்டு இன்னும் உள்ளே இருக்கிறதா என அறிய, கீழே கறுப்புத் துணியை விரித்து ஒரு வாரம் விட்டுப் பார்த்தால் போதும். புதிய தூள் விழுந்தால் வண்டு உண்டு.

தேக்கின் உள்வைரத்திலுள்ள எண்ணெய்ப் பொருள்களைக் கறையான் விரும்பாது. வெளிறான புறப்பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. பனங்கட்டையோ இதற்கு நேர்மாறானது. அதன் உறுதி முழுவதும் புறத்தே உள்ளது. உள்ளே வெறும் சோறு. புறக்காழ், அகக்காழ் என்று தொல்காப்பியம் வகுத்த பிரிவை நம் தச்சர்கள் கையாலேயே அறிந்திருந்தனர். பனங்கட்டையின் மேற்புறத்தை அழகுக்காக இழைத்துத் தள்ளுவது அதன் பலத்தையே இழைத்துத் தள்ளுவதாகும்.

ஒன்றிரண்டு கட்டைகளின் நுனி மட்டும் இற்றிருந்தால், அக்கட்டையோடு ஒட்டிப் புதுக்கட்டை ஒன்றைச் சுவர் முதல் உத்தரம் வரை வைத்து, போல்ட்டு போட்டு இறுக்கலாம். புதுக்கட்டையின் அகலத்தைவிட உயரமே முக்கியம்; உயரம் இரட்டித்தால் வளையாமல் நிற்கும் விறைப்பு எட்டு மடங்காகும். அடுத்தடுத்த பல கட்டைகள் கெட்டுப்போயிருந்தாலோ, உத்தரமே இற்றிருந்தாலோ, மச்சைக் காப்பாற்ற முயல்வது சிக்கனமன்று. அப்பொழுது பெயர்த்துவிடுவதே நியாயம்.

வண்டு உள்ள மரத்துக்கு, 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெண்காரமும் 200 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பூச்சு இல்லாத வெறும் மரத்தில் இரண்டு மூன்று முறை தடவலாம். குழந்தைகள் கைக்கு அது எட்டலாகாது. பழைய பரணில் ஆல்டிரின், குளோர்டேன் முதலிய மருந்து டப்பாக்கள் கிடந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம். அவை 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் இடம்பெற்ற கொடிய நஞ்சுகள். சுவருக்குள் செல்லும் நுனிகளுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டெண்ணெய் சிறந்தது. ஆனால் அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும், கையுறையின்றித் தடவலாகாது.

இனிக் குறைகளுக்கு வருவோம். பலகை ஆணியோடு உராய்வதே கிறீச்சொலிக்குப் பெரும்பாலும் காரணம். முன்னதாகத் துளையிட்டு, ஒவ்வொரு கட்டையின்மீதும் பலகைக்கு இரண்டு திருகாணி முடுக்கினால் ஒலி அடங்கும். இடுக்குகளைச் சிமெண்டாலோ மக்காலோ அடைப்பது வீண். மரம் மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்குவதால் அடைத்தது உதிர்ந்து பாவின்மீதே விழும். அகன்ற இடுக்குக்கு மெல்லிய மரச்சட்டத்தை ஒரு பக்கம் மட்டும் பசையிட்டுச் செருக வேண்டும். குறுகிய இடுக்குக்கு நூற்கழிவைத் திரியாக முறுக்கி உலர்ந்தபடியே அழுத்தினால் போதும். தறி வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. தறிக்கு நேர் மேலே காடாத் துணியை விதானமாகக் கட்டிவிட்டால் எஞ்சிய தூசியும் நிற்கும். அது கழற்றித் துவைக்கத்தக்கதாக இருக்க வேண்டும். நிரந்தரமாக அடித்துவிட்டால் ஒழுக்கு கண்ணுக்குப் படாது. வெளிச்சத்துக்குக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகளும், கட்டைகளுக்கு இடையே வெள்ளைப் பூச்சும் போதும்.

பலகையின் பழைய பெயிண்டைச் சுரண்டும்போது எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சுகளில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே அத்தகைய பலகையில் இயந்திரத்தை ஓட்டலாகாது. நீர் தெளித்து நனைத்தே சுரண்டி, தூளை ஈரத்துணியால் எடுக்க வேண்டும். பெயிண்ட் அடிக்காத பலகைக்கு மட்டும் தேய்க்கும் இயந்திரம் ஏற்றது. ஆணித் தலைகளை உள்ளே இறக்கிவிட்டு, 40ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 80, 120 என்று போகலாம். ஒரே தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால் செலவு நான்கில் ஒன்றாகும்.

மேற்பூச்சுக்கு வார்னிஷைவிட ஆளிவிதை எண்ணெயையே நாம் சிபாரிசு செய்வோம். வார்னிஷில் கீறல் விழுந்தால் தளம் முழுவதும் தேய்க்க நேரும். எண்ணெயோ, தேய்ந்த இடத்தில் மட்டும் மீண்டும் தடவத்தக்கது. முதற்பூச்சில் எண்ணெயும் டர்ப்பன்டைனும் சமபங்கு கலந்து, மரம் குடித்தது போக மிஞ்சியதைக் கால்மணி நேரத்தில் துடைத்துவிட வேண்டும்.

துடைத்த துணியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் துடைப்பதற்குக் கைக்கு அகப்படுவது பருத்திக் கழிவு. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பத்தை உண்டாக்குகிறது. எண்ணெயில் நனைந்த கழிவைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, நெருப்பேதும் இல்லாமலே அது தானாகப் பற்றிக்கொள்ளும். வேலை முடிந்து எல்லோரும் உறங்கிய பின்னரும் இது நேரலாம். மேலே மரம், கீழே நூல். ஆகவே அன்றன்றைய துணியை அன்றே தண்ணீரில் அமிழ்த்திவிடுக. அல்லது வெளிமுற்றத்தில் தனித்தனியாக விரித்துப் போடுக. எண்ணெய் கையில் ஒட்டாதபடி நன்கு உலர்ந்த பின்னரே நூற்சிப்பங்களை மச்சில் ஏற்றலாம்.