எலக்ட்ரான் நிழலும் எத்தனாலும்

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து மாணவருக்கு நிழலின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. உடைமரத்தடியில் நிற்பவருக்கும் கரிசல்காட்டில் நிற்பவருக்கும் சூரியன் ஒன்றுதான். படும் வெயில்தான் வேறு. திரைமறைப்பை விளக்க நான் இதையே எடுத்துக்கொள்கிறேன். காந்தப்புலத்தில் வைத்த மூலக்கூறில் எலக்ட்ரான்கள் அணுக்கருவுக்கு நிழல் தருகின்றன. நிழலின் அளவுக்கேற்ப என்.எம்.ஆர். கோடு இடம் மாறுகிறது.

1951இல் ஸ்டான்போர்டில் எத்தனாலின் மூன்று ஹைட்ரஜன் கோடுகளைப் பிரித்துக் காட்டிய மூவரில் ஒருவர் நம் நாட்டவரான எஸ்.எஸ்.தர்மாட்டி. பின்னர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறையை வளர்த்தார்.

திரைமறைப்புக்கான கோட்பாட்டை 1950இல் நார்மன் ராம்சே தந்தார். அதைப் பின்பற்றி இன்று கணினி முதலில் எலக்ட்ரான் பரவலையும், பிறகு புலத்தில் அது அடையும் மாற்றத்தையும் கணக்கிடுகிறது. மீதி வெறும் கழித்தல்தான். ஒப்பீட்டுப் பொருளான டெட்ராமெத்தில்சிலேனுக்கு 31.8, எத்தனாலின் மெத்தில் ஹைட்ரஜனுக்கு 30.6 எனக் கணினி தந்தால், கோடு 1.2 பிபிஎம்மில் வரும். சோதனையிலும் ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது.

சிக்கல் ஓஎச் ஹைட்ரஜனில். தனி மூலக்கூறுக்கான கணக்கு 1க்கும் கீழே காட்டும். தூய திரவத்திலோ கோடு 5ஐத் தாண்டி நிற்கும். “ஆக்சிஜன் எலக்ட்ரானை இழுக்கிறது” என்ற வழக்கமான விடை இங்கே போதாது. அந்த ஆக்சிஜன் தனி மூலக்கூறிலும் இருக்கிறதே! திரவத்தில் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜன் ஹைட்ரஜன் பிணைப்பால் நெருங்கி நிழலைக் குறைக்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடில் எத்தனாலை நீர்க்க நீர்க்கக் கரைத்தால் கோடு தனி மூலக்கூறின் எண்ணை நோக்கி இறங்கும். கணக்கிலும் அண்டை மூலக்கூறுகளைச் சேர்த்தால் எண் ஏறும்.